விட்டுப்போன மாத்திரையை முதலில் சொல்லுங்கள்

எனக்குச் சுகர் வந்து 18 வருஷம் ஆகிறது. அதில் முதல் ஆறு வருஷத்தை டாக்டரிடம் பொய் சொல்லியே ஓட்டினேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று அவர் கேட்பார். “போடுறேன் டாக்டர்” என்பேன். அந்த ஒரு வரிதான் என்னை ஆண்டிபட்டி கணவாயில் கொண்டுபோய்ச் சாய்த்தது.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். மதுரை–போடி தடத்தில் பல வருஷம். அந்த வேலையில் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது. விடிகாலை ட்ரிப் என்றால் டீயும் பன்னும். மதியம் எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்ச் சாப்பாடு. மாத்திரை அட்டை தோல்பைக்குள் சில்லறையோடு சில்லறையாகக் கிடக்கும். ராத்திரி டெப்போவில் பணம் கட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் ‘அடடா, மாத்திரை’ என்று நினைப்பு வரும். வாரத்தில் நாலு நாள் போட்டிருந்தால் பெரிது.

சோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 190, 200 என்று வரும். ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? அளவைக் கூட்டுவார். கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், 2 ஆனது. அதற்கடுத்த முறை காலையில் 2, ராத்திரி 2 ஆனது. நானும் வாங்கி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் பையைத் தட்டிச் சுத்தம் செய்தபோது பிரிக்காத ஆறு அட்டைகள் என் மனைவி கையில் சிக்கின. “இதுக்குத்தான் மாசா மாசம் காசு கட்டுறோமா?” என்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டு, அன்றிலிருந்து தன் கையாலேயே எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் காலை மாத்திரை போட்டேன், ரெண்டே ரெண்டு இட்லி சாப்பிட்டேன், பஸ் ஏறினேன். உசிலம்பட்டி தாண்டி கணவாய் ஏறும்போது வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. டிக்கெட் கணக்குத் தாளான இன்வாய்ஸில் எழுதிய எண்கள் எனக்கே புரியவில்லை. நூறு ரூபாய் கொடுத்தவருக்கு ஐநூறுக்கு மீதி கொடுத்தேனாம். முன்சீட்டுப் பாட்டி ஒருத்தி, “காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான்” என்றாளாம். ஆண்டிபட்டியில் டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, கடையில் சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு டீ வாங்கி என் வாயில் வைத்தார். அதைக் குடித்தபிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தபோதே சுகர் 62. 70க்குக் கீழே போகவே கூடாது. அதற்கு முன் எவ்வளவு கிடந்ததோ!

டாக்டர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் போட்ட கணக்கு சரி. நான் கொடுத்த எண்தான் தப்பு. போடாத மாத்திரைக்கு அவர் அளவு கூட்டினார், கூட்டிய அளவை நான் திடீரென்று முழுசாகப் போட்டேன்.

அதற்கப்புறம்தான் டாக்டரிடம் பேசக் கற்றுக்கொண்டேன். என் மகள் ஸ்டாஃப் நர்ஸ். பாதி அவள் சொல்லித் தந்தது, பாதி பட்டுத் தெரிந்தது. எந்த மருந்து, எத்தனை என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சொல்லவும் மாட்டேன். எப்படிப் பேசுவது என்பது மட்டும்தான் இங்கே.

போவதற்கு முந்தின ராத்திரி

டிக்கெட் கட்டில் தொடக்க எண் உண்டு, முடிவு எண் உண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எத்தனை விற்றது என்று வந்துவிடும். கண்டக்டரின் வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. மாத்திரைக்கும் அதையே செய்யுங்கள். போன மாதம் 60 வாங்கினீர்கள். ரெண்டு வேளை, 30 நாள். இன்றைக்கு அட்டை காலியாக வேண்டும். 17 மீதி இருக்கிறதா? அப்படியானால் 17 வேளை விட்டுப்போயிருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதுங்கள். முடிந்தால் அட்டைகளையே எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பையில் அட்டைகளைக் கொட்டிக்கொண்டு போக எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பையைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். “அந்த வெள்ளை மாத்திரை, சின்னது” என்று சொல்கிறவர்களையே பார்த்து அலுத்துப்போயிருப்பார்.

எண்ணிக்கையோடு காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. மாத்திரை விட்டுப்போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மறதி என்றால் வேளையை மாற்றித் தருவார், அல்லது ரெண்டு மருந்தும் ஒன்றாக உள்ள மாத்திரையாகத் தருவார். மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலக்குகிறது, பஸ்ஸில் எங்கே போவது என்று விட்டீர்களா? அதைச் சொன்னால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார், சாப்பாட்டோடு போடச் சொல்வார். (அந்த வகையில் சிலவற்றின் வெறும் கூடு மலத்தில் அப்படியே வரும். ‘மாத்திரை கரையவே இல்லை’ என்று பயந்து நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். மருந்து உள்ளே இறங்கியபிறகு வரும் கூடுதான் அது.) சுகர் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் விட்டீர்கள் என்றால், அவருக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தியே அதுதான்.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். நம்மில் பலருக்கு இதுதான் தொண்டையில் நிற்கும். டாக்டர் முன்னால் கை வறண்டவனாகத் தெரியக்கூடாது என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து மருந்துக்கடையில் “பத்து நாளைக்கு மட்டும் குடுங்க” என்போம். அந்தப் பத்து நாளை முப்பது நாளுக்கு இழுப்போம். “டாக்டர், மாசம் இவ்வளவுக்கு மேல என்னால முடியாது, அதுக்குள்ள பார்த்து எழுதுங்க” என்று தொகையோடு சொல்லிவிடுங்கள். பழைய மருந்துகள் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கம்பெனி வைத்த பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரக் கேட்டால் தேடுவது சுலபம். சில புதிய மருந்துகளும் காப்புரிமை முடிந்ததும் விலை இறங்கியிருக்கின்றன. டாபாகிளிஃப்ளோசின் அப்படி 2020க்குப் பிறகு இறங்கியது.

‘மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்’ என்பது உங்கள் காரணமாக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். வருஷக்கணக்காக ஏறிக் கிடக்கும் சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கிறது. ஆனால் இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் கிரியாட்டினின் அளவைக் காட்டி, “என் கிட்னிக்கு இந்த மாத்திரை சரியா?” என்று டாக்டரிடமே கேளுங்கள்.

அதே தாளில் இன்னும் மூன்று விஷயம். சுகர் இறங்கிய மாதிரி எப்போதாவது இருந்ததா, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வேலை செய்தீர்கள். வேறு யாராவது மருந்தோ ஊசியோ கொடுத்தார்களா. முட்டி வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை எகிற வைக்கும், அது தெரியாவிட்டால் டாக்டர் சோற்றைத்தான் சந்தேகப்படுவார். கடைசியாக, ஒரே ஒரு கேள்வி. பத்துக் கேள்வி எழுதிக்கொண்டு போனால் ஒன்றுக்கும் பதில் வராது.

உள்ளே போனதும்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று சொன்னது. அந்தக் கூட்டத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் நமக்கு ஐந்து நிமிஷம் கிடைப்பதே பெரிது. அந்த ஐந்து நிமிஷத்தை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்று பாருங்கள்.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் டாக்டர்.”

இது மரியாதைக்குச் சொல்கிற பதில். வீட்டுக்கு வந்தவர் கேட்டால் சரி. அவர் அதை எழுதிக்கொண்டு, ரிப்போர்ட்டைப் பார்த்து, மருந்து எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தபிறகு, நாம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “அப்புறம் டாக்டர், ஒண்ணுமில்ல, காலு கொஞ்சம் மரத்துப்போற மாதிரி…” என்போம். முக்கியமானது அதுதான். அதற்குள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அதனால் உட்கார்ந்ததும் முதல் வரி இப்படி இருக்கட்டும்: “டாக்டர், ரெண்டு விஷயம் சொல்லணும். 60 மாத்திரையில 17 விட்டுப்போச்சு, எல்லாம் ராத்திரி மாத்திரை. வலது கால் பெருவிரல் மரத்துப்போகுது.” சொல்லி முடிக்கப் பத்து விநாடி கூட ஆகாது. மீதி நேரத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

கால் விஷயத்தில் இன்னொன்று. அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். நான் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவன். ஷூவுக்குள் ஒரு சிறுகல் கிடந்து புண்ணாகி, சாக்ஸில் ரத்தம் பார்த்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. வலித்திருந்தால் தெரிந்திருக்கும். நைலான் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்கும் சோதனை இருக்கிறது, ரெண்டு நிமிஷம்தான். வருஷத்துக்கு ஒருமுறையாவது அது வேண்டும் என்று கேட்கலாம். கண்ணின் விழித்திரைச் சோதனையும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் பார்ப்பதும் அப்படித்தான். “இந்த வருஷம் கண்ணு, கால், யூரின் பார்த்தாச்சா டாக்டர்?” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாய் வராத சங்கதிகள்

ஆண்களுக்குச் சொல்கிறேன். சுகர் பல வருஷம் இருந்தால் தாம்பத்தியத்தில் தளர்ச்சி வருவது சகஜம். நரம்பும் ரத்தக்குழாயும் சம்பந்தப்பட்ட விஷயம் அது. நான் இதைச் சொல்ல மூன்று முறை போய், மூன்று முறையும் சொல்லாமல் திரும்பி வந்தேன். ஒருமுறை மனைவி பக்கத்தில் இருந்தாள், ஒருமுறை நர்ஸ் பிள்ளை நின்றது, ஒருமுறை நானே மென்று விழுங்கிவிட்டேன். நாலாவது முறை தாளில் ‘ஆண்மைத் தளர்ச்சி – தனியாகப் பேச வேண்டும்’ என்று எழுதி நீட்டினேன். அவர் படித்தார். நர்ஸிடம் ஏதோ எடுத்துவரச் சொல்லி வெளியே அனுப்பினார். அவ்வளவு சுலபம். அவர் முதலில் கேட்டது, “நெஞ்சு வலிக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?” நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை போன்ற நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர்கள் இதற்கான மாத்திரையைப் போட்டால் ரத்த அழுத்தம் தலைகீழாக விழுந்து உயிருக்கே ஆபத்தாம். மருந்துக்கடையில் ரகசியமாக வாங்குகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெண்களுக்கும் சொல்லக் கூசும் அரிப்பு, தொற்று எல்லாம் உண்டு. டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்தில் சர்க்கரை சிறுநீர் வழியே வெளியேறுவதால் அது கூடுதலாக வரும். வீட்டில் கிடந்த களிம்பைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். அதற்கு மருந்து உண்டு.

குடியைப் பற்றிக் கேட்டால், “எப்பவாவது” என்று சொல்வது வழக்கம். எப்பவாவது என்றால் பொங்கலுக்கா, சனிக்கிழமை தோறுமா? “வாரம் ரெண்டு நாள், ஒரு குவார்ட்டர்” என்று அளவாகச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு, இன்சுலின் போன்றவற்றில் இருப்பவர் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் நடுராத்திரி சுகர் இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்களும் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். என்னையே பகலில் அப்படித்தானே நினைத்தார்கள்.

நாட்டு மருந்தும் இதில் சேர்த்தி. சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூ, நாவல்கொட்டை, பாகற்காய்ச் சாறு என்று ஏதாவது ஒன்றை நாம் எல்லோருமே எடுத்திருப்போம். டாக்டர் திட்டுவார் என்று சொல்வதில்லை. திட்டினால் திட்டட்டும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் கொஞ்ச நேரம் இனிப்பே தெரியாது, அதனால்தான் சர்க்கரைக்கொல்லி என்று பெயர். அது மாத்திரையோடு சேர்ந்து சுகரை அதிகமாக இறக்கவும் வாய்ப்பு உண்டு. “பொடி ஒண்ணு எடுக்குறேன், காலையில ஒரு ஸ்பூன், மாத்திரையை நிறுத்தல” என்று சொன்னால் போதும். என் டாக்டர் கேட்டுவிட்டு, “சரி, எழுதிக்கிறேன். சுகர் இறங்குற மாதிரி இருந்தா முதல்ல பொடியை நிறுத்துங்க” என்றார். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை. எல்லா டாக்டரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லவில்லை.

சோதனைக்கு முன் மூன்று நாள் பத்தியம்

செக்கர் ஏறப்போகிறார் என்று தெரிந்ததும் அவசரமாக டிக்கெட் கிழிப்பது எங்கள் தொழிலில் உண்டு. ரத்தம் கொடுக்கும் முன் மூன்று நாள் கஞ்சி குடிப்பதும் அதுவேதான். ஒருமுறை அப்படிச் செய்து வெறும் வயிற்றில் 118 வாங்கினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆனால் அதே தாளில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1. டாக்டர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மூணு நாளா என்ன சாப்பிட்டீங்க?” என்றார்.

ரத்தத்தின் செவ்வணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே வரும். அந்த ஒட்டலை அளப்பதுதான் எச்பிஏ1சி. 7 என்றால் மூன்று மாதச் சராசரி 154ஐ ஒட்டி, 8 என்றால் 183, 9 என்றால் 212. பலருக்கு 7க்குள் வைக்கச் சொல்வார்கள். வயதானவர்களுக்கு, அடிக்கடி சுகர் இறங்குகிறவர்களுக்கு 8 வரைகூட விடுவார்கள். அதனால் “என் வயசுக்கு, என் உடம்புக்கு எவ்வளவு இருக்கணும் டாக்டர்?” என்று ஒருமுறை கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து நாற்காலிக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டு வருந்துவது மிச்சமாகும். ரத்தசோகை இருந்தாலோ சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ இந்த எண் ஏமாற்றும், அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சாப்பிட்டபின் எடுக்கும் ரத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து கணக்கு. அன்றைக்கு வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும், வேறு மாதிரி டாக்டர் சொல்லியிருந்தால் ஒழிய. போடவில்லை என்றால் ரிப்போர்ட்டின் மேலேயே ‘மாத்திரை போடவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டு மெஷினில் பார்க்கிறவர்கள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் உரித்த விரலோடு பார்த்து 300ஐக் கண்டு அலறிய மனிதர் எங்கள் தெருவில் இருக்கிறார். நல்ல மெஷினுக்கும் லேபுக்கும் நூற்றுக்குப் பதினைந்து வரை முன்னே பின்னே வரலாம், அதற்காக டாக்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

சோற்றுப் பேச்சு

“அரிசியைக் குறைங்க” என்று டாக்டர் சொன்னார். நான் குறைத்தேன். ராத்திரி சோற்றுக்குப் பதிலாக ஆறு சப்பாத்தி. சுகர் அசையவில்லை. கோதுமையும் மாவுச்சத்துதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் ‘சப்பாத்தி ஆறு’ என்று சொல்லவில்லை. ரெண்டு பேரும் சரியாகத்தான் பேசினோம், பேச்சில் எண் இல்லை. கேப்பைக் களி, கேப்பைக் கூழ் சமாச்சாரமும் இப்படியே. கேப்பைக்குச் சுகர் ஏறாது என்று நம்பி ஒரு சட்டி கூழைக் கரைத்துக் குடிப்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

அதனால் சாப்பாட்டைக் கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள். “மதியம் சோறு குழிக்கரண்டியில் நாலு, குழம்பு, பொரியல் ஒரு கரண்டி. டீ ஆறு, எல்லாம் சர்க்கரை போட்டது.” நான் இப்படிச் சொன்ன அன்று டாக்டர் சோற்றைத் தொடவே இல்லை. “டீயில மட்டும் சர்க்கரையை நிறுத்துங்க, ஒரு மாசம் பார்ப்போம்” என்றார். ஆறு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன். எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. ‘எல்லாத்தையும் விடணும்’ என்று அவர் சொன்னால் தலையாட்டாமல், “எல்லாம் முடியாது டாக்டர். முதல்ல ஒண்ணைச் சொல்லுங்க” என்று கேட்டுப் பாருங்கள்.

நோன்பு, விரதம் இருப்பவர்கள் தொடங்கும் நாளன்று போய் நிற்கக்கூடாது. எங்கள் டெப்போவில் ஒரு பாய் ரம்ஜானுக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவார். சஹருக்கு எது, இஃப்தாருக்கு எது என்று மாத்திரைகளைப் பிரித்து வாங்கி வருவார். சபரிமலைக்கு மாலை போடும் எங்கள் ஆட்களும் அந்த வழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

ஊசி என்றதும்

“இப்படியே போனா ஊசிதான்” என்று பயமுறுத்துவது டாக்டர்களிடம் ஒரு கெட்ட பழக்கம். அதைக் கேட்டுக் கேட்டு, இன்சுலின் என்றால் தண்டனை, கடைசிக் கட்டம் என்று நமக்குள் ஏறிவிட்டது. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கி இருபது வருஷம், ஐயாயிரம் பேருக்கு மேல் வைத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். சிகிச்சை எடுத்தவர்களுக்கும் வருஷம் ஏற ஏறச் சர்க்கரை மெல்ல ஏறியதை அதில் பார்த்தார்கள். கணையம் காலப்போக்கில் களைத்துப்போகிறது. இதை என் மகள் சொன்னபோதுதான், ஊசிக்கு மாறியது என் ஒழுங்கீனத்தால் மட்டும் இல்லை என்று மனசு ஆறியது.

ஊசி எழுதித் தந்தால் கட்டாயம் கேட்க வேண்டியவை சில. நம் ஊரில் குப்பி பெரும்பாலும் 40 அளவு, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 அளவுக்கு. கடையில் மாற்றிக் கொடுத்தால் மருந்து ரெண்டரை மடங்கு கூடவோ குறையவோ போய்விடும். அதனால் குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாக நர்ஸிடம் காட்டி, அவர் முன்னாலேயே ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி மாதிரி ஆகிவிட்டால் அந்த இடத்தையும் தொட்டுக் காட்டுங்கள், அங்கே மருந்து சரியாக ஏறாது. அப்புறம், சுகர் 70க்குக் கீழே போனால் என்ன செய்வது என்று வீட்டில் இருப்பவரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். எங்களுக்குச் சொன்னது: மூன்று ஸ்பூன் சர்க்கரை தண்ணீரில், பதினைந்து நிமிஷம் பொறுத்துத் திரும்பப் பார், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை, ஏறினால் ஏதாவது சாப்பிடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதே, 108ஐக் கூப்பிடு. என் மனைவி இதை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வருகிற பெண் தன்னார்வலரிடம் அம்மா ஊர்க்கதை எல்லாம் பேசுவார், தலை சுற்றியதை மட்டும் சொல்ல மாட்டார். “அந்தப் பிள்ளை டாக்டரா?” என்பார். டாக்டர் இல்லைதான். ஆனால் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லும் வாய் அதுதானே. இப்போது அம்மாவின் மாத்திரை டப்பாமேலேயே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ‘தலைசுற்றல், கால் புண், வாந்தி – சொல்லவும்.’ வந்த பிள்ளை அதைப் பார்த்து அவளே கேட்டுவிடுகிறாள்.

டாக்டர்களிடம் ஒரு வார்த்தை

2018இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை, நீரிழிவு உள்ளவர்களிடம் என்ன மாதிரி வார்த்தைகளில் பேசலாம் என்று ஒரு கையேடே வெளியிட்டதாம். பழி போடும் வார்த்தை வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்டால் எங்களுக்கு ஒரே பதில்தான் தெரியும். “வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது?” என்று கேளுங்கள். விட்டுப்போவது எல்லோருக்கும் உள்ளதுதான் என்ற தொனி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கணவாய்க்கு முன்னால் யாராவது என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் ‘மூணு நாள்’ என்று உடனே சொல்லியிருப்பேன். பெண்டாட்டி பிள்ளை முன்னால் எங்களைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை தனியாக வருவோம், அல்லது வரவே மாட்டோம்.

எழுந்திருக்கும் முன்

சீட்டை வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். மீதிச் சில்லறையை எண்ணாமல் இறங்குகிற பயணி பிறகு பஸ் பின்னால் ஓடித்தான் ஆக வேண்டும். சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, பழைய மாத்திரையில் எது நின்றது, எது புதுசு, காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளில் எதை நிறுத்துவது, அடுத்து எப்போது வருவது என்று கேட்டுவிட்டு, நீங்களே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். “நான் சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர்” என்று ஆரம்பித்தால் போதும்.

போன மாதம் என் கால் வீக்கத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை ஒன்றைப் புதிதாக எழுதினார். வழக்கம்போல் நான் சீட்டைப் பார்த்து ஒப்பித்தேன். “ஊசி காலையில சாப்பிடுறதுக்கு முன்ன, வெள்ளை மாத்திரை ரெண்டு வேளை சாப்பிட்டு, புது மாத்திரை ராத்திரி படுக்கும்போது ஒண்ணு.”

“ராத்திரியா?” என்றார். “விடிய விடிய பாத்ரூமுக்கு நடப்பீங்களே.” சீட்டைத் திரும்ப வாங்கி, 0-0-1ஐ அடித்துவிட்டு 1-0-0 என்று எழுதிக் கொடுத்தார்.